சாவிலிருந்து கிரயத்துக்கு: ஓசூர்–கிருஷ்ணகிரி எல்லை வட்டாரத்தில் வரிச் சட்ட மாற்றங்களும் குடும்பச் சொத்து ஏற்பாடும்

1. ஆய்வுப் பொருள்

இறந்தவர் விட்டுச்சென்ற சொத்துக்கு இந்தியாவில் இன்று வரி இல்லை. 1985 மார்ச் 16 முதல் நேர்ந்த மரணங்கள் எதற்கும் எஸ்டேட் டூட்டி விதிக்கப்படவில்லை. ஆனாலும் ஓசூர், சூளகிரி, பர்கூர் பக்கத்துக் குடும்பங்களில் மரண வரி பற்றிய அச்சம் இன்னும் போகவில்லை. "திரும்பக் கொண்டுவரப் போகிறார்களாம்" என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், நிலத்தைப் பிள்ளைகள் பேருக்கு மாற்றிவிடும் அவசரமும் கூடவே கிளம்பிவிடுகிறது. 2024 மக்களவைத் தேர்தலின்போது சாம் பித்ரோடா அமெரிக்க வாரிசு வரியைப் பற்றிப் பேசியதும், அது தேர்தல் மேடைகளில் வெடித்ததும் இதற்கு அண்மைய உதாரணம்.

இக்கட்டுரையின் வாதம் இது: வரி ஒழியவில்லை, நாள் மாறிவிட்டது. உடையவர் சாகும் நாளில் விழுந்த வரி, வாரிசு விற்கும் நாளுக்கு நகர்ந்துவிட்டது. நிலம் ஏறக்குறைய நிச்சயமாக ஒருநாள் விற்கப்படும், அல்லது கையகப்படுத்தப்படும் என்ற நிலையிலுள்ள இந்த வட்டாரத்தில், சொத்து ஏற்பாட்டை மரணத்தை வைத்துக் கணக்கிடுவது பழைய பஞ்சாங்கம். (கீழே வரும் வருமான வரிப் பிரிவு எண்கள் 1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்குரியவை. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கென இயற்றப்பட்ட 2025ஆம் ஆண்டுச் சட்டத்தில் எண்கள் வேறு.)

2. தீர்வை இருந்த காலம்

எஸ்டேட் டூட்டிச் சட்டம் 1953 அக்டோபர் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. அப்போது நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக். செல்வம் சில கைகளில் குவிவதைத் தடுப்பதே அறிவிக்கப்பட்ட நோக்கம். பின்னாளில் இதன் உச்ச விகிதம் 85 சதவீதம் வரை போனது. 20 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட பகுதிக்கு அந்த விகிதம். காகிதத்தில் இவ்வளவு கொடுமையாகத் தெரிந்த வரி கஜானாவுக்குத் தந்தது ஆண்டுக்குச் சுமார் 20 கோடி. வசூலிக்கும் செலவோடு ஒப்பிட்டால் இந்த வரவு அற்பம் என்று சொல்லித்தான் 1985 பட்ஜெட்டில் வி.பி. சிங் அதை எடுத்தார்.

குடும்பங்களின் நடத்தையை மாற்றியது விகிதத்தைவிடச் சட்டத்தின் 9ஆம் பிரிவுதான். இறப்பதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்த தானம், இறந்தவரின் சொத்தாகவே கணக்கில் சேரும். 10ஆம் பிரிவு இன்னும் கறார். தானம் கொடுத்த பிறகும் அச்சொத்தின் பலனை அனுபவித்துக்கொண்டிருந்தால் அது தானமாகவே கொள்ளப்படாது. ஆகவே சீக்கிரம் கொடுக்க வேண்டும், கொடுத்தபின் முழுதாக விலகிவிடவும் வேண்டும். "உயிரோடு இருக்கும்போதே எழுதிவை" என்பது ஒரு தலைமுறைக்கு ஆடிட்டர் வாக்காகப் பதிந்தது இப்படித்தான்.

கூட்டுக்குடும்பத்துக்கு இதில் தனி வரலாறு உண்டு. 7ஆம் பிரிவின்படி, மிதாட்சரக் கூட்டுக்குடும்பப் பங்காளி இறந்தால் அவருடைய பங்கு கைமாறியதாகக் கொள்ளப்பட்டது. அதோடு நில்லாமல், 34ஆம் பிரிவு அவருடைய வழித்தோன்றல்களின் பங்கையும் விகிதக் கணக்குக்காகச் சேர்த்துக்கொண்டது. வி. தேவகி அம்மாள் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 1973இல் இந்தச் சேர்ப்பு அரசியலமைப்பின் 14ஆம் பிரிவுக்கு முரண் என்று ரத்து செய்தது. வேறு உயர் நீதிமன்றங்கள் அதை ஏற்கவில்லை. ஒரே மத்தியச் சட்டம். இறந்தவர் எந்த உயர் நீதிமன்றத்தின் ஆளுகையில் இருந்தார் என்பதைப் பொறுத்து வரி வேறு.

ஓசூருக்கு இதெல்லாம் எந்த அளவு உறைத்தது? மிகக் குறைவு என்றே கருதுகிறேன். 1965 வரை சேலம் மாவட்டத்திலும் பிறகு தர்மபுரி மாவட்டத்திலும் இருந்த இந்த வட்டாரம் கேழ்வரகும் கொள்ளும் விளைந்த மானாவாரிப் பூமி. 1953 சட்டத்தின் தொடக்க விலக்கு வரம்பான ஒரு லட்சத்தை எட்ட எத்தனை ஏக்கர் புஞ்சை வேண்டியிருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். மேலும், விவசாய நிலத்தின் மீதான எஸ்டேட் டூட்டி அரசியலமைப்பின்படி மாநிலப் பட்டியலைச் சேர்ந்தது. மாநிலச் சட்டமன்றம் தீர்மானம் போட்டால்தான் மத்தியச் சட்டம் அதைத் தொட முடியும். சிப்காட் தொழில் வளாகம் எழுந்தது எழுபதுகளில். அசோக் லேலண்டும் டி.வி.எஸ். மொபெட் ஆலையும் வந்தது 1980ஐ ஒட்டி. டைட்டன் கடிகாரங்கள் எண்பதுகளின் பின்பாதியில். நிலத்துக்கு விலை ஏறத் தொடங்கிய வேளையில் தீர்வை போய்விட்டது. இங்குள்ள மரண வரி அச்சம் சொந்த அனுபவத்தில் பிறந்ததில்லை, சென்னை, கோவை ஆலைக் குடும்பங்களிடமிருந்து வந்து ஒட்டிக்கொண்டது.

3. துணை வரிகளின் வரவும் போக்கும்

நிக்கோலஸ் கால்டாரின் 1956ஆம் ஆண்டு அறிக்கையைத் தொடர்ந்து வந்த சொத்து வரிச் சட்டம் 1957இல் பிறந்து, 2016–17 மதிப்பீட்டாண்டிலிருந்து நீங்கியது. 1958இன் தான வரி 1998 அக்டோபர் 1 முதல் இல்லை. தான வரி போனபின் தானமே வருமானத்தை ஒளிக்கும் வழியானதால், 2004 முதல் பெறுபவர் கையில் அதை வருமானமாகக் கருதும் விதி வந்து, படிப்படியாக விரிந்து, 2017இல் 56(2)(x) ஆயிற்று. உறவினரிடமிருந்து வருவதும், உயில் அல்லது வாரிசுரிமை வழியாக வருவதும் அதற்கு விலக்கு.

கூட்டுக்குடும்பம் என்ற வரி அலகைச் சுருக்கியதிலும் தமிழகத்து வழக்குகளுக்குப் பங்குண்டு. தந்தையின் தனிச்சொத்து 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவுப்படி மகனுக்கு வந்தால் அது அவருடைய தனிச்சொத்தே, அவருடைய கூட்டுக்குடும்பத்துக்கு உரியதாகாது என்று பி.எல். கருப்பன் செட்டியார் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 1978இல் சொன்னதை, 1986இல் சந்தர் சென் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. பகுதிப் பாகப்பிரிவினையை 1978 டிசம்பர் 31க்குப் பிறகு வரித்துறை ஏற்காது என்ற விதியை எம்.வி. வள்ளியப்பன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் 1999இல் அந்த விதிக்கு உயிர் கொடுத்தது. இந்த இரண்டையும் அறியாமல் இன்றும் 'எச்.யு.எஃப். (கூட்டுக்குடும்ப) கணக்கு தொடங்கினால் போதும்' என்று ஆலோசனை சொல்பவர்கள் உண்டு.

4. வரி இடம் மாறிய கதை

4.1 பழைய அடக்கவிலை

அமெரிக்காவில் ஒருவர் இறக்கும்போது அவருடைய சொத்தின் அடக்கவிலை அன்றைய சந்தை மதிப்புக்கு உயர்த்தப்படுகிறது. வாரிசு மறுநாளே விற்றாலும் ஆதாய வரி ஏறக்குறைய இல்லை. இந்தியாவில் அந்தச் சலுகை கிடையாது. 47ஆம் பிரிவின்படி தானமும் உயிலும் கைமாற்றமாகக் கொள்ளப்படுவதில்லை. அதனால் அன்று வரி இல்லை. ஆனால் 49ஆம் பிரிவின்படி தாத்தா வாங்கிய விலையே பேரனுக்கும் அடக்கவிலை. 2001 ஏப்ரல் 1க்கு முன் வாங்கியதானால் அன்றைய மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். மூன்று தலைமுறையாகச் சேர்ந்த விலையேற்றம் முழுவதும், எவர் கையில் இருக்கும்போது கிரயம் நடக்கிறதோ அவர் தலையில் விழுகிறது.

2020இன் நிதிச் சட்டம் இங்கே ஒரு முள் வைத்தது. நிலம், கட்டடத்துக்கு எடுக்கும் 2001 மதிப்பு, அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக்கூடாது. ஓசூரைச் சுற்றிய கிராமங்களில் அப்போது வழிகாட்டி மதிப்பு குறைவாக இருந்ததில் எல்லோருக்கும் மகிழ்ச்சி; பத்திரச் செலவு மிச்சம். அதே குறைந்த எண்தான் இன்று வாரிசின் ஆதாயத்தைப் பெருக்கிக் காட்டுகிறது.

4.2 2024 ஜூலை 23

அன்று முதல் நீண்டகால ஆதாயத்துக்கு 12.5 சதவீதம், பணவீக்கக் குறியீட்டுச் சலுகை இல்லை. எதிர்ப்பு எழுந்ததும், அந்நாளுக்கு முன் வாங்கிய நிலம், கட்டடத்துக்கு மட்டும், இந்தியாவில் வசிக்கும் தனிநபரும் கூட்டுக்குடும்பமும் பழைய 20 சதவீதக் கணக்கைப் போட்டுப் பார்த்துக் குறைந்ததைச் செலுத்தலாம் என்று திருத்தினார்கள். நாடு முழுக்கக் குறியீட்டை இழந்த துக்கம் பேசப்பட்டது. ஓசூர் வட்டாரத்துக்கு அந்தத் துக்கம் பெரும்பாலும் பொருந்தாது.

கணக்காகவே பார்ப்போம். 2001இல் ஓர் ஏக்கரின் வழிகாட்டி மதிப்பு 2 லட்சம் என்றும், 2024–25இல் 2 கோடிக்கு விற்றதாகவும் வைத்துக்கொள்வோம். புதிய முறையில் ஆதாயம் 1 கோடியே 98 லட்சம், வரி 24.75 லட்சம். பழைய முறையில் அவ்வாண்டின் குறியீடு 363, அடக்கவிலை 7.26 லட்சமாக உயரும், வரி சுமார் 38.5 லட்சம். மேல்வரிகளை இரண்டிலும் விட்டுவிட்டேன். பொதுவாகச் சொன்னால், 2001 மதிப்பைப் போல எட்டு மடங்குக்கு மேல் விலை போகும் நிலத்துக்குப் புதிய விகிதமே லாபம். விலை மெல்ல ஏறிய ஊர்களுக்குத்தான் நட்டம். சிப்காட் வேலியை ஒட்டிய புஞ்சைக்கு 2024 மாற்றம் ஒரு வரிக் குறைப்பு.

4.3 மாநகராட்சி எல்லை என்னும் வரிக்கோடு

கிராமப்புற விவசாய நிலம் மூலதனச் சொத்தாகவே கருதப்படுவதில்லை. எத்தனை கோடிக்கு விற்றாலும் ஆதாய வரி இல்லை. எது கிராமப்புறம்? நகராட்சி அமைப்பின் எல்லைக்கு வெளியே இருக்க வேண்டும். அந்த ஊரின் மக்கள்தொகை 10,000 முதல் ஒரு லட்சம் வரை என்றால் எல்லையிலிருந்து 2 கிலோமீட்டருக்கும், ஒரு லட்சம் முதல் 10 லட்சம் வரை என்றால் 6 கிலோமீட்டருக்கும், அதற்கு மேல் என்றால் 8 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்க வேண்டும். தூரம் வான்வழி நேர்கோட்டில் அளக்கப்படும். சாலை எத்தனை வளைவு வளைந்தாலும் பயனில்லை.

2011 கணக்கெடுப்பிலேயே ஓசூர் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது, ஆகவே அதற்கு 6 கிலோமீட்டர். 2019இல் அது மாநகராட்சியானது. கிருஷ்ணகிரி நகரம் அக்கணக்கெடுப்பில் ஒரு லட்சத்துக்குக் கீழ், ஆகவே 2 கிலோமீட்டர். இந்த அளவுகோல் கடைசியாக வெளியான மக்கள்தொகைக் கணக்கை நம்பி நிற்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 2027 மார்ச் 1ஐ ஆதாரநாளாகக் கொண்ட கணக்கெடுப்பின் எண்கள் வெளியாகும்போது கிருஷ்ணகிரி ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தால், அந்நகரைச் சுற்றி 2க்கும் 6க்கும் இடைப்பட்ட வளையத்தில் கிடக்கும் மாந்தோப்பெல்லாம் வரிக்குள் வந்துவிடும். நாடாளுமன்றம் ஓர் எழுத்தைக்கூட மாற்றியிருக்காது. நிலத்தின் தன்மை பார்க்கப்படுவது விற்கும் நாளில்தான். அப்பா காலத்தில் கிராமம், வாரிசு விற்கும்போது நகரம் என்றால் வாரிசு நகரத்துக்குரிய வரியைத்தான் கட்ட வேண்டும். ஓசூரில் சுமார் 2,000 ஏக்கரில் விமான நிலையம் என்று 2024 ஜூனில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தபின் விலைப் பேச்சு எல்லோர் வாயிலும் இருந்தது. எல்லைக்கோட்டைப் பற்றியும் அந்த அளவு பேசியிருக்க வேண்டும்.

4.4 விற்பதற்கு முன் பிரிப்பது

எனவே இங்கே பாகப்பிரிவினையின் உண்மையான வரிப்பயன், கிரயத்துக்கு முன் அதைச் செய்வதில் இருக்கிறது. கூட்டுக்குடும்பம் மொத்தமாக விற்றால் ஒரே வரிதாரர். முழுப் பாகப்பிரிவினை செய்து நான்கு பங்காளிகள் தனித்தனியே விற்றால் நான்கு கணக்கு. 54EC கடன்பத்திரத்தில் ஒவ்வொருவரும் 50 லட்சம் வரை முதலிட்டு அந்த அளவுக்கு விலக்குப் பெறலாம். மீண்டும் விவசாய நிலம் வாங்குவோருக்கு 54B தனித்தனியே உண்டு. ஆனால் கிரய அக்ரிமென்ட் போட்டு அட்வான்ஸும் வாங்கிய பிறகு அவசரமாக எழுதும் பாகப்பிரிவினை, வரித்துறையின் கண்ணில் உறுத்தும்.

5. பத்திரச் செலவு எழுதவைக்கும் ஏற்பாடு

மரண வரி இல்லாத நாட்டில், எந்தப் பத்திரம் எழுதுவது என்பதை முடிவு செய்வது முத்திரைத் தீர்வைதான். தமிழ்நாட்டில் கிரயத்துக்கு 7 சதவீதத் தீர்வையும், 2023 ஏப்ரல் முதல் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும். குடும்பத்துக்குள் செட்டில்மென்ட் என்றால் 1 சதவீதம். அதற்கும் உச்சவரம்பு உண்டு. 2023 ஜூலை 10 அன்று அந்த வரம்பு 25,000இலிருந்து 40,000 ரூபாயாகவும், பதிவுக் கட்டண வரம்பு 4,000இலிருந்து 10,000 ஆகவும் உயர்ந்தது. ஐந்து கோடி நிலமானாலும் 50,000 ரூபாயில் வேலை முடியும். எல்லைக்கு அப்பால் கர்நாடகத்தில் குடும்ப தானப் பத்திரத்துக்கு மதிப்பைப் பாராமல் சில ஆயிரம் ரூபாய் நிலையான தீர்வை என்பதால் அங்கே இன்னும் மலிவு. அத்திப்பள்ளியிலும் ஆனேக்கலிலும் ஒரு துண்டு, ஓசூரில் ஒரு துண்டு என்று வைத்திருக்கும் குடும்பங்கள் இரண்டு மாநிலக் கணக்கையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்த மலிவில் ஒரு பொறி உண்டு. வருமான வரிச் சட்டத்தின் 'உறவினர்' பட்டியலில் மருமகள் இருக்கிறார். தமிழ்நாட்டு முத்திரைச் சட்டத்தின் 'குடும்பம்' பட்டியலில் அவர் இல்லை. மாமனார் மருமகள் பேருக்கு எழுதினால் தானத்துக்கு வருமான வரி வராது, ஆனால் சலுகைத் தீர்வையும் கிடைக்காது; போதாக்குறைக்கு அந்த நிலத்தின் வருமானம் 64ஆம் பிரிவுப்படி மாமனார் கணக்கிலேயே சேரும்.

பெரிய பொறி வேறு. உயிலை எத்தனை முறையும் மாற்றலாம். செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தபின் அது அவ்வளவு சுலபமில்லை. மரண வரி இருந்தபோது முழுதாகக் கொடுத்து விலகச் சட்டமே தள்ளியது. இன்று அந்தக் கட்டாயம் இல்லாதபோதும், கையிலிருக்கும் மொத்தத்தையும் எழுதிக்கொடுத்துவிட்டுக் கடைசிக் காலத்தில் பிள்ளைகளின் முகம் பார்த்து நிற்பவர்கள் உண்டு. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, பராமரிப்பதாக நிபந்தனையிட்டுக் கொடுத்த சொத்தை, அது மீறப்பட்டால் திரும்பப் பெற வழி தருகிறது. 2025 ஜனவரியில் ஊர்மிளா தீட்சித் வழக்கில் உச்ச நீதிமன்றம் இப்பிரிவுக்குத் தாராளமான பொருள் கொடுத்தது. ஆயினும் நிபந்தனையையும் ஆயுள்கால அனுபவ உரிமையையும் பத்திரத்திலேயே எழுதுவதற்கு ஈடில்லை. எஸ்டேட் டூட்டியின் 10ஆம் பிரிவு இன்று இல்லாததால் இப்படி எழுதுவதற்கு எந்த வரித் தண்டனையும் கிடையாது. பத்திர எழுத்தர்களின் பழைய மாதிரிகள் பல இதை இன்னும் உணரவில்லை.

6. மகள்களின் பங்கும் மாநில எல்லையும்

தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல் அமலாகும் திருத்தத்தால், அந்நாளில் மணமாகாதிருந்த மகள்களைக் கூட்டுக்குடும்பப் பங்காளிகளாக்கியது. கர்நாடகம் இதையே 1994 ஜூலை 30 முதல் செய்தது. 1991இல் கல்யாணமான ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். நிலம் கிடக்கும் மாநிலத்தின் சட்டத்தை வைத்துப் பார்த்தால், அப்பாவின் ஓசூர்ப் பூர்வீக நிலத்தில் அவர் பங்காளி. ஆனேக்கல் நிலத்தில் இல்லை. மாநில எல்லையிலுள்ள ஜூஜுவாடி சோதனைச்சாவடிதான் அவருடைய உரிமையின் எல்லை. 2005 செப்டம்பர் 9இன் மத்தியத் திருத்தம் வந்தபின்தான் இந்த வேறுபாடு மறைந்தது. அப்பா அந்நாளில் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தை வினீதா சர்மா தீர்ப்பு 2020 ஆகஸ்டில் நீக்கியது. 2004 டிசம்பர் 20க்கு முன் முறையாக நடந்த பாகப்பிரிவினைகளை அது கலைக்காது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற அருணாசல கவுண்டர் வழக்கில் 2022இல் வந்த தீர்ப்போ, 1956க்கு முன் உயிலின்றி இறந்தவரின் தனிச்சொத்திலும் மகளுக்கு உரிமை உண்டு என்றது.

வரி ஏற்பாட்டுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? மகள்கள் கையெழுத்திடாத பாகப்பிரிவினையை நம்பி ஆதாயத்தைப் பங்கிட்டுக் கணக்குக் காட்டினால், பின்னால் வரும் வழக்கு வரிக் கணக்கையும் சேர்த்துக் கவிழ்க்கும். 'வரிக்காக' என்று சொல்லி அண்ணன் தம்பிகள் அவசரமாக வாங்கும் விடுதலைப் பத்திரங்களில், வரி பல நேரம் சாக்கு மட்டுமே. மகளையும் ஒரு பங்காளியாகச் சேர்த்தால் 4.4இல் சொன்ன விலக்குகள் ஒரு கணக்குக் கூடும் என்பதை அந்த வீடுகளில் யாரும் எடுத்துச் சொல்வதாகத் தெரியவில்லை.

7. சிப்காட் எடுக்கும் நிலம்

இந்த வட்டாரத்தில் தொழிற்பேட்டைக்கான கையகப்படுத்தல் பெரும்பாலும் 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நோக்க நிலமெடுப்புச் சட்டப்படி நடப்பது. நகர எல்லைக்குள் வரும் விவசாய நிலத்தைக் கட்டாயமாக எடுத்தால் 10(37) பிரிவு இழப்பீட்டுக்கு விலக்குத் தருகிறது. நிபந்தனை: எடுப்பதற்கு முந்தைய இரண்டு ஆண்டும் உரியவரோ, கூட்டுக்குடும்பமோ, பெற்றோரோ பயிரிட்டிருக்க வேண்டும். அப்பா உழுதது மகனுக்குக் கணக்கில் சேரும். பாட்டனார் உழுதது பேரனுக்குச் சேராது. பேரன் பேருக்கு நேராக செட்டில்மென்ட் எழுதிவிட்டு, அவன் பெங்களூரில் வேலை பார்க்க, நிலம் தரிசாகக் கிடந்தால் விலக்குக்கு ஆதாரம் இல்லை. அடங்கலில் பயிர் ஏறியிருக்கிறதா என்பது உயிலைவிட முக்கியமாகும் இடம் இது. பட்டா இன்னும் தாத்தா பேரில் இருந்து வாரிசுகளுக்குள் தகராறும் இருந்தால், இழப்பீடு நீதிமன்றத்தில் போய்க் கிடக்கும்.

8. கடல் கடந்த மரண வரி

மரண வரி இன்றும் நேராகத் தொடக்கூடிய ஒரு கூட்டம் ஓசூரில் இருக்கிறது: பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டிக்குத் தினமும் போய்வரும் பொறியாளர்கள். அமெரிக்கத் தாய்நிறுவனம் சம்பளத்தோடு கொடுக்கும் பங்குகள், இந்தியாவிலிருந்தே செயலி வழியாக வாங்கும் அமெரிக்கப் பங்குகள் எல்லாம், அமெரிக்கக் குடிமகனல்லாத, அங்கே வசிக்காத ஒருவர் இறந்தால் அந்நாட்டு எஸ்டேட் வரிக்குள் வரும். விலக்கு 60,000 டாலர் மட்டும். அதற்கு மேல் விகிதம் 40 சதவீதம் வரை போகும். அமெரிக்கர்களுக்கான தனி விலக்கு 2018இல் இரட்டிப்பாகி, 2026 முதல் ஒன்றரைக் கோடி டாலர் ஆகிவிட்டது. வெளியாரின் 60,000 அப்படியே நிற்கிறது. இந்தியாவும் அமெரிக்காவும் வருமான வரிக்கு ஒப்பந்தம் செய்திருக்கின்றனவே தவிர, எஸ்டேட் வரிக்கு இல்லை. பிரிட்டனோடு 1956இல் செய்த எஸ்டேட் டூட்டி ஒப்பந்தம் மட்டும், இங்கே அந்தத் தீர்வையே போனபின்னும் உயிரோடு இருக்கிறது. அயர்லாந்தில் பதிவான நிதிகள் வழியாக முதலிடுவதும், பங்குகள் கைக்கு வந்ததும் அவ்வப்போது விற்று இங்கே கொண்டுவருவதும் வழக்கமான மாற்றுகள். நிலத்துக்குச் செட்டில்மென்ட் எழுத ஓடும் குடும்பத்தில் மகனின் பங்குக் கணக்கை யாரும் கேட்பதில்லை.

9. தீர்வை திரும்பி வந்தால்

மரண வரியை மறுபடி விதிக்க டெல்லி ஒருநாள் துணிந்தாலும், அரசியலமைப்பின் 7ஆம் அட்டவணை மாறாதவரை அது விவசாய நிலத்தை நேராகத் தொட முடியாது. மத்தியப் பட்டியலின் 87ஆம் பதிவு விவசாய நிலம் நீங்கலான சொத்துக்கே அதிகாரம் தருகிறது. விவசாய நிலம் மாநிலப் பட்டியலின் 48ஆம் பதிவு. 1953இல் போலவே தமிழ்நாடும் கர்நாடகமும் தனித்தனியே இசைய வேண்டியிருக்கும். ஒன்று இசைந்து மற்றது மறுத்தால் அத்திப்பள்ளிக்கு ஒரு கணக்கு, ஓசூருக்கு ஒரு கணக்கு. முதலில் சிக்குவது அடுக்குமாடி வீடு, வங்கி வைப்பு, பங்குகள், லேஅவுட் மனை. வதந்தியைக் கேட்டதும் முதலில் எழுதிக்கொடுக்கப்படும் புஞ்சைதான் அந்த வரியிலிருந்து மிக விலகி நிற்கும் சொத்து; மனையாகப் பிரித்து நகர் ஊரமைப்பு இயக்கக (டி.டி.சி.பி.) அங்கீகாரம் வாங்கிய நாளில் அந்தப் பாதுகாப்பும் போய்விடும்.